மேட்ச் பிக்சிங்கைத் தடுக்க சூதாட்டச் சட்டத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

விளையாட்டு வீரர்கள் மீதான ஒழுங்கு விசாரணைகளில் ஆஜராவதும் என் வக்கீல் தொழிலில் ஒரு பகுதி. ஊழல் தடுப்பு விதியை மீறியதாக நோட்டீஸ் வந்ததும் பதறிக்கொண்டு வருபவர்களில் தொலைக்காட்சியில் பார்க்கும் நட்சத்திரங்கள் குறைவு. கீழ்மட்ட லீக்கில் ஆடுபவர், தரவரிசையில் எங்கோ அடியில் இருக்கும் டென்னிஸ் வீரர், அணியின் பிசியோ, சில நேரம் நடுவர். நோட்டீஸில் ஒரே ஓர் ஆட்டத்தின் தேதிதான் இருக்கும். அவர்களுடைய வங்கிக் கணக்கையும் அலைபேசியையும் பார்த்தால், விவகாரம் அந்தத் தேதிக்குப் பல மாதம் முன்பே, ஒரு சூதாட்டச் செயலியிலோ முன்பின் தெரியாத ‘ரசிகர்’ ஒருவரின் குறுஞ்செய்தியிலோ ஆரம்பித்திருக்கும்.

ஆனால் நாம் இதை இரண்டு விவகாரங்களாகவே வைத்திருக்கிறோம். ஆன்லைன் சூதாட்டம் என்றால் அரசின் வேலை. மேட்ச் பிக்சிங் என்றால் விளையாட்டுச் சங்கத்தின் தலைவலி. என் மேசையில் இரண்டும் ஒரே கோப்பாகத்தான் வந்து சேர்கின்றன.

அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து லீக்கில் டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு ஆடிய ஜான்டே போர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அவர் எந்த ஆட்டத்தையும் தோற்றுக்கொடுக்கவில்லை. அணியில் அவர் அவ்வளவு முக்கியமானவரும் இல்லை. ஆனால் ‘போர்ட்டர் இத்தனை புள்ளிக்குக் கீழேதான் எடுப்பார்’ என்று தனி ஒரு வீரரின் கணக்கின் மீதும் பெட் கட்ட முடியும். சில நிமிடம் ஆடிவிட்டு உடம்பு சரியில்லை என்று வெளியேறினால் போதும், அந்தப் பெட் ஜெயித்துவிடும். அவர் அதைத்தான் செய்தார். ஏன் செய்தார்? சூதாட்டத்தில் ஏற்பட்ட கடனை அடைக்க இது ஒரு வழி என்று கடன் கொடுத்தவர்கள் சொன்னதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2024 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலில் வருவது கடன், அதற்குப் பிறகே ஊழல். இரண்டாவது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத வீரரின் மீது இப்படியொரு பெட் கட்ட அனுமதி இருந்ததால்தான் இது நடந்தது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் 80,000 டாலர் கட்டி 11 லட்சம் டாலர் அள்ளப் பார்த்தபோது சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்திவைத்தது உரிமம் பெற்ற ஒரு சூதாட்ட நிறுவனம். கணக்கு வழக்கே இல்லாத புக்கியிடம் அதே பெட் போயிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அடுத்த சீசனில், போர்ட்டரைப் போல் ‘டூ-வே’ ஒப்பந்தத்தில், அதாவது என்பிஏவுக்கும் அதன் கீழ்மட்ட லீக்குக்கும் இடையே மாறி மாறி, ஆடுபவர்கள் மீது ‘இதற்குக் கீழே’ வகைப் பெட்டுகளை நிறுவனங்கள் நிறுத்திக்கொண்டன. யாருக்கும் ஒழுக்க வகுப்பு எடுக்காமல் ஒரு கதவு மூடப்பட்டது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2010 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கும். பாகிஸ்தான் கேப்டன் சல்மான் பட், வேகப்பந்து வீச்சாளர்கள் முகமது ஆசிஃப், முகமது ஆமிர். முன்கூட்டியே சொல்லிவைத்தபடி மூன்று நோ பால்கள். ஆமிருக்கு அப்போது வயது 18. இதில் வக்கீல்களுக்கு சுவாரசியமான இடம், 2011இல் லண்டன் நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட சட்டம். ஊழல் பணம் வாங்கச் சதி செய்தது ஒரு குற்றச்சாட்டு. மற்றொன்று, சூதாட்டத்தில் மோசடி செய்யச் சதி செய்தது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மோசடி செய்தவர் ஜெயித்தாரா, அதனால் அவருடைய வாய்ப்பு கூடியதா என்பது முக்கியமில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. சூதாட்டக்காரரைப் போல நடித்துப் பணம் கொடுத்தவர் ஒரு செய்தித்தாள் நிருபர். இருந்தும் குற்றச்சாட்டு நின்றது. சூதாட்டத்துக்கென்று ஒழுங்கான சட்டம் இருந்ததால்தான் ஒரு நோ பாலைக் குற்றமாக நிரூபிக்க முடிந்தது.

இதற்கு நேர்மாறாக, கர்நாடக பிரீமியர் லீக் தொடர்பான வழக்கில் 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். மேட்ச் பிக்சிங் நேர்மையற்ற செயலாக இருக்கலாம், கிரிக்கெட் வாரியம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு சொல்லும் மோசடி ஆகாது என்றது நீதிமன்றம். டிக்கெட் வாங்கியவரை ஆசைகாட்டிப் பணம் கறந்ததாகச் சொல்ல முடியாது, அவர் தானாக விரும்பித்தானே வாங்கினார் என்பது வாதம். தீர்ப்பு பலருக்குக் கோபத்தைக் கிளப்பியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மேட்ச் பிக்சிங் என்ற ஒன்றை நினைத்தே பார்க்காத காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு அதற்குத் தண்டனை கேட்டால் இப்படித்தான் முடியும். இலங்கை 2019இல் விளையாட்டுக் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சரி, வலை எப்படி விரிக்கப்படுகிறது? நான் பார்த்த அலைபேசிகளில் உரையாடல் பெரும்பாலும் ஒரே தினுசாகத்தான் ஆரம்பிக்கிறது. ‘பிரதர், உங்க பவுலிங்னா எனக்கு உயிர்.’ சில வாரம் வெறும் பாராட்டு மட்டும். அப்புறம் ஒரு ஜோடி ஷூ பரிசாக வரும். பிறகு ஸ்பான்சர் பேச்சு, வெளிநாட்டில் ஒரு தனியார் லீக், விமான டிக்கெட். நடுவில் எங்கோ ஒரு சாதாரணக் கேள்வி வந்து விழும்: ‘நாளைக்கு ஓப்பனிங் யாரு? பிட்ச் எப்படி இருக்கு?’ பதில் சொல்பவருக்கு அதில் தப்பாக எதுவும் தெரியாது, நண்பர்தானே கேட்கிறார் என்றிருக்கும். ஆனால் வெளியில் யாருக்கும் தெரியாத அணித் தகவலைப் பெட் கட்டக்கூடியவரிடம் சொல்வதே விதிமீறல் என்று பெரும்பாலான ஊழல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. அந்தப் பதில் கேட்டவரின் கையில் ஆதாரமாக நிற்கும். அடுத்த முறை அவர் கேட்பது தகவலாக இருக்காது, ஒரு வைடு பந்தாக இருக்கும். மறுத்தால் பழைய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் வரும்.

ஜிம்பாப்வே முன்னாள் கேப்டன் பிரெண்டன் டெய்லரின் கதையும் இதே பாதைதான். ஸ்பான்சர் பேச்சு என்று அழைக்கப்பட்டுப் போன இடத்தில் போதைப்பொருள் கொடுத்து வீடியோ எடுத்து மிரட்டினார்கள், 15,000 டாலரை வாங்க வைத்தார்கள் என்று அவரே அறிக்கை விட்டார். ஆட்டத்தில் எதையும் பிக்ஸ் செய்யவில்லை என்கிறார். இருந்தும் 2022இல் மூன்றரை ஆண்டு தடை. காரணம், நான்கு மாதம் கழித்தே புகார் சொன்னார். வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் 2019இல் இரண்டு ஆண்டு தடை பெற்றது, அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது என்றாலும், தன்னை அணுகியவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்காகத்தான். விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சனத் ஜெயசூர்யாவுக்கும் அதே ஆண்டு இரண்டு ஆண்டு தடை வந்தது. ‘நான் பணமே வாங்கலையே சார்’ என்று என்னிடம் வருபவர்களுக்கு ஷாகிப், ஜெயசூர்யா இருவரையும்தான் உதாரணம் காட்டுகிறேன். இந்த விசாரணைகள் கிரிமினல் வழக்கு மாதிரி இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணமும் தேவையில்லை, தீர்ப்பாயத்துக்கு மனநிறைவு தரும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். அலைபேசியைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

வீரர்களுக்கு வகுப்பு எடுப்பது மட்டும் போதும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. டென்னிஸ் அமைப்புகள் அமர்த்திய சுயேச்சைக் குழு 2018இல் ஒரு கணக்குச் சொன்னது. தொழில்முறை வீரர் என்று சொல்லிக்கொள்ளும் சுமார் 15,000 பேரில் செலவுக்கு ஈடாகச் சம்பாதிப்பவர்கள் 250இலிருந்து 350 பேர்தான். மற்றவர்கள் கைக்காசைப் போட்டு ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள். அவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கப் பத்துப் பேர் கூட வருவதில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தின் ஒவ்வொரு புள்ளியும் நடுவரின் கையிலுள்ள கருவியிலிருந்து நேராக உலகம் முழுக்க உள்ள சூதாட்டத் தளங்களுக்குப் போகிறது. அந்தத் தரவை விற்பதும் ஒரு வியாபாரம். புள்ளியைப் பதிவுசெய்யச் சில விநாடி தாமதித்தால், முடிவு தெரிந்தவர் அதற்குள் பெட் கட்டிவிடலாம். இப்படி ஸ்கோரில் விளையாடிய நடுவர்கள் தடை வாங்கியிருக்கிறார்கள். கீழ்மட்டப் போட்டிகளின் நேரடித் தரவை விற்பதையே நிறுத்துங்கள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாடுபவரின் ஒவ்வொரு சர்வீஸையும் சந்தையில் வைத்துவிட்டு, நேர்மையாக இரு என்று அவருக்குப் பாடம் நடத்துவது எனக்குக் கொஞ்சம் வெட்கக்கேடாகத் தெரிகிறது.

சூதாட்டச் சட்டம் கை வைக்க வேண்டிய இடங்களில் முதலாவது, எதன் மீது பெட் கட்டலாம் என்ற பட்டியல். ஓர் அணி ஜெயிக்குமா என்பதை மாற்ற பல பேரை விலைக்கு வாங்க வேண்டும். அடுத்த பந்து நோ பாலா, முதல் பாதியில் மஞ்சள் அட்டை வருமா என்பதை மாற்ற ஒரே ஓர் ஆள் போதும், அவருடைய அணி தோற்கக்கூட வேண்டாம். ஒருவர் தனியாக நிகழ்த்திவிடக்கூடிய எதையும் சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. இப்படி வரம்பு போடுவது நடக்காத காரியமில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆன்லைனில் பெட் கட்டுவதை ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. தொலைபேசியில் பேசித்தான் கட்ட முடியும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன இடைஞ்சலே விரல் நுனி வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

அடுத்தது கடன். கிரெடிட் கார்டில் சூதாடுவதை பிரிட்டன் 2020 ஏப்ரலில் தடை செய்தது. கடன் வாங்கிச் சூதாடும் பழக்கத்தில் சிக்கிய இளைஞர் ஒரு வீரராகவும் இருந்தால், அவரைத் தேடித்தான் பிக்சர்கள் வருவார்கள். இங்கிலாந்து கால்பந்து வீரர் ஐவன் டோனிக்கு 2023இல் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. அவர் மீதிருந்தவை 232 விதிமீறல்கள். அவர் ஆட்டத்தை விற்கவில்லை. சூதாட்டத்துக்கு அடிமையானவர் என்று மருத்துவ ரீதியில் கண்டறியப்பட்டவர். இதை உலக சுகாதார நிறுவனமும் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, சூதாட்ட நிறுவனத்தின் பெயரைச் சட்டையின் நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடச் சொல்வது என்ன நியாயமோ. இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் 2026-27 சீசனிலிருந்து சட்டையின் முன்பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட 2023இல் ஒப்புக்கொண்டன. சட்டையின் கைப்பகுதியிலும் மைதான விளம்பரப் பலகையிலும் அது இருக்கலாமாம்!

முழுத் தடைதான் ஒரே வழி என்பவர்களும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் இந்தியா சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் எல்லோருக்கும் அதில் தண்டனை உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பயமில்லாமல் உதவி கேட்டு வரலாம். ஆனால் தடைக்குப் பிறகு ஆட்டத்தின் மீதான பணம் எங்கோ ஒரு தீவில் பதிவான தளத்துக்கோ புக்கியின் நோட்டுப் புத்தகத்துக்கோ போனால், சந்தேகமான பெட்டைச் சங்கத்துக்குச் சொல்ல ஆள் இருக்காது. உரிமம் தருவதா தடுப்பதா என்பதை அந்தந்த நாடு முடிவுசெய்யட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் போலீஸ், சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பு, விளையாட்டுச் சங்கம் மூவரும் தகவல் பகிர ஒரு மேசை வேண்டும். மேட்ச் பிக்சிங்குக்கு எதிரான, ஐரோப்பா கவுன்சிலின் மகோலின் உடன்படிக்கை கேட்பதும் அதுதான். 2014இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அது 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

தகவல் இருந்தால் மட்டும் குற்றம் உறுதியாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007இல் போலந்தில் நடந்த ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் நிகோலாய் டேவிடென்கோ முதல் செட்டை ஜெயித்த பிறகும் எதிராளியின் மீது பணம் குவிந்தது. கடைசியில் காயம் என்று அவர் விலகினார். பெட்ஃபேர் என்ற சூதாட்ட நிறுவனம் எல்லாப் பெட்டுகளையும் ரத்து செய்தது. ஓராண்டுக்கும் மேல் விசாரித்துவிட்டு, இரு வீரர்கள் மீதும் ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடினார்கள். ஆட்ஸ், அதாவது பெட்டுக்குத் தரும் பண விகிதம், தாறுமாறாக நகர்ந்தால் விசாரிக்கலாம், தண்டிக்க அது போதாது. சமூக வலைதளத்தில் ஒரு கேட்ச் விட்டதற்கே ‘வித்துட்டான்’ என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைப் படிப்பவர்களில் ஆடுபவர்களோ அவர்களுடைய பெற்றோரோ இருந்தால் நடைமுறையாகச் சில வார்த்தைகள். பெட் கட்டும் செயலி அலைபேசியில் வேண்டாம், நண்பரின் கணக்கிலும் வேண்டாம். எந்த விளையாட்டின் மீது கட்டுவது விதிமீறல் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஏற்கனவே கடன் இருந்தால் அதை வீட்டில் சொல்லிவிடுங்கள், வெளியில் தெரியாத கடன்தான் மிரட்டுபவருக்கு வசதி. சந்தேகமான செய்தி வந்தால் பதில் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். பயந்துபோய் அழித்தவர்கள் மீது ஆதாரத்தை மறைத்ததாகத் தனியாக ஒரு குற்றச்சாட்டு சேரும். தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே சங்கத்தின் ஊழல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோச்சிடம் வாய்மொழியாகச் சொன்னதைப் புகாராகப் பல சங்கங்கள் ஏற்பதில்லை. மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.