கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நிகழ்ச்சிகள்

பேச்சு மொழிப் பயிற்சிக்காக என்னிடம் அழைத்து வரப்படும் மூன்று வயதுக் குழந்தைகளில் சிலர், ஆங்கில எழுத்துகளை 'ஏ' முதல் 'இசட்' வரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துச் செல்கிறார்கள். இதற்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று நான் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதலில் செவித்திறன் சோதனையும் வளர்ச்சி மதிப்பீடும் நடக்க வேண்டும். அதன் பிறகு, "படிப்பு சம்பந்தப்பட்டதை மட்டும்தான் போடுகிறோம்" என்னும் பெற்றோரிடம், அந்த நிகழ்ச்சி குழந்தையிடம் எதையாவது கேட்கிறதா என்று விசாரிப்பேன்.

1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில், தொகுப்பாளர் நேராகக் குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் அளவுக்கு நீண்ட நேரம் பேசாமல் நிற்பார். விடையைத் தேடி எடுத்து வாயால் சொல்லச் சிறு குழந்தைக்கு அத்தனை நேரம் தேவைப்படுகிறது. ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் திரும்ப ஒளிபரப்பினார்கள். முதல் நாள் வாயடைத்துப் பார்த்த குழந்தைகள், மீண்டும் மீண்டும் பார்க்கையில் திரையை நோக்கி அதிகமாக விடை சொன்னதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோராவும் இந்த வழியில் வந்தவள்தான். அந்தக் கார்ட்டூனில் வரும் நரியைத் திருட விடாமல் வீடு அதிரக் கத்திய பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்திருப்பார்கள்.

நல்ல நிகழ்ச்சியானாலும் வயது பொருந்த வேண்டும். 1969 முதல் ஒளிபரப்பாகும் அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்'டை மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பார்த்த குழந்தைகளின் சொல்வளம் கூடியிருந்ததாக 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ, டோராவையும் புளூஸ் க்ளூஸையும் பார்த்தவர்களின் சொல்வளம் கூடியிருக்க, செசமி ஸ்ட்ரீட் பார்த்தவர்கள் பேசிய சொற்கள் குறைந்தே காணப்பட்டன. அன்றைய செசமி ஸ்ட்ரீட், துண்டு துண்டான காட்சிகளின் தொகுப்பு; ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு போகும் நிகழ்ச்சியே இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிடிபடும் என்பது என் கணிப்பு.

அதற்கும் கீழே, கைக்குழந்தைகளுக்குத் திரை ஆசிரியராவதில்லை. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பேசிக் காட்டிய பாட்ரிசியா குல் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், நேரில் கேட்டவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்; அதையே காணொளியில் பார்த்தவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

குழந்தைக்கென்று எதையும் போடாத வீடுகளிலும் மாலை முழுவதும் நெடுந்தொடர் ஓடிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியின் ஒலி கேட்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்களில் ஏறத்தாழ 770 குறைவதாக 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், யாரும் பார்க்காத தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்றே நான் சொல்வது வழக்கம்.

என்னிடம் வந்த ஒரு குழந்தையின் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனோடு அமர்ந்து ஆங்கிலக் கார்ட்டூன் பார்த்தவர், நடுவில் ஒலியை நிறுத்தி, "இந்த நாய் எங்கேடா போகுது?" என்று தமிழில் கேட்டு, அவன் வாய் திறக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். முதல் வாரம் அவன் ரிமோட்டைப் பிடுங்கி அழுதிருக்கிறான். மூன்றாவது வாரம், பாட்டி ஒலியை நிறுத்தும் முன்பே அவன் திரும்பி, "நாய் வீட்டுக்குப் போகுது" என்று சொன்னானாம்.