மலைநாட்டு வீடு ஏன் இவ்வளவு குளிர்கிறது?

கொழும்பு வெக்கைக்கு வரைந்த வீட்டுப் படத்தை அப்படியே நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து கட்டுகிறார்கள்: சுற்றிலும் பெரிய யன்னல், மேலே வெறும் தகரம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், தை மாசியில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் ஊரில் அந்த வீடு விடிய விடிய விறைக்கும். பிறகு ஹீட்டர் வரும், மின்கட்டணம் ஏறும். சுவரில் பூத்த பூஞ்சணம் மட்டும் போகாது.

முதலில் கூரையைப் பாருங்கள். மழையே பெய்யாத, வானம் தெளிந்த இரவுக்குப் பின் விடியலில் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல; தகரம் வேர்த்திருக்கிறது. இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். நம் மூச்சும் அடுப்படி ஆவியும் அதன் அடியில் பட்டுத் தண்ணீராகும். இதற்குத் தார் பூசுவது வீண் செலவு. தகரத்துக்குக் கீழே 4 முதல் 6 அங்குலம் விட்டு சீலிங் அடிக்க வேண்டும். அறை ஆவி மேலே ஏறாதபடி ஓரங்களை இறுக்கி அடையுங்கள். மேலே உள்ள இடைவெளிக்கு மட்டும் இறவாரத்திலும் முகட்டிலும் வலை போட்டுக் காற்று விடுங்கள். தகரத்தோடு ஒட்டி அடித்த பலகை ஈரத்தில் ஊறி உப்பிவிடும்.

குளிருக்குக் கரி மூட்டி அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

வெயிலைப் பிடிக்கத் தெற்கே பெரிய யன்னல் வைக்கச் சொல்வது குளிர்நாட்டுப் பாடம். இங்கே மார்கழி நண்பகலிலும் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. 3 அடி இறவாரத்தின் நிழல் சுவரில் 5 அடிக்கு மேல் இறங்கிவிடும். அந்த நேரத்தில் யன்னலுக்கு வெயில் பெரும்பாலும் படாது. பின்னேரம் பெரும்பாலும் மூடுபனி. ஆகவே நம்பக்கூடியது காலை வெயில்தான்: படுக்கையறையையும் இஸ்தோப்பையும் கிழக்கே வைத்து, பெரிய கண்ணாடி யன்னலை அங்கே கொடுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேல் மழை அடிக்கும் சுவரில் யன்னல் சிறிதாக இருக்கட்டும்.

இத்தனை செய்தும் சுவர் நனைந்தால் பயனில்லை. ஈரச் சுவர் உலர்ந்த சுவரை விடச் சூட்டை வேகமாக வெளியே விடும். காணி 7 பேர்ச்சஸ் என்றால் அது சுமார் 1,900 சதுர அடிதான். சரிவில் அதை வெட்டிச் சமப்படுத்தினால் வீட்டின் பின்சுவர் மண்வெட்டை ஒட்டிவிடுகிறது. வெட்டின் உயரம் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். வெட்டின் தலையில் ஒரு கான், அடியில் இன்னொன்று. நிலமட்டம் வீட்டுத் தரையிலிருந்து 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போடாமல் கல் அடுக்க விடாதீர்கள்.

தனி வீட்டுக்காரர் தீர்க்க முடியாதது சரிவில் மேலே உள்ள வீட்டின் தண்ணீர். அதன் கூரைநீரும் மலக்குழிக் கசிவும் கீழ் வீட்டுச் சுவருக்குத்தான் வரும். வரிசையாக வீடுகள் எழும் இடத்தில் அத்திவாரத்துக்கு முன்பே பொதுக் கான் ஓடைவரை போய்ச் சேர வேண்டும். அதை வரைபடத்தில் கேட்டு வாங்குங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டையும் சேர்த்து. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போயின. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்று: இவற்றைக் கண்டால் சுவர் ஈரத்தைப் பற்றி யோசிக்காதீர்கள், பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.