சொல் விளக்கம்: வரைபடமும் வரைபும்

சென்னையின் இயற்பியல் ஆய்வகங்களில் ‘வரைபடம் வரைந்தாயிற்றா’ என்று யாரும் கேட்பதில்லை; ‘கிராஃப் போட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கிராஃப், தமிழ்வழி மாணவரின் செய்முறைப் பதிவேட்டில் ஏறும்போது ‘வரைபடம்’ ஆகிவிடுகிறது. அதே மாணவர் சமூக அறிவியல் தேர்வில் ஆறுகளையும் மலைகளையும் குறிக்கும் இந்தியப் படத்துக்கும் வரைபடம் என்றே பெயர். ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுமப்பதால், சோதனைத் தரவிலிருந்து வரையப்படுவது எது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிராஃப் என்பதன் வேர் ‘கிராஃபெய்ன்’ என்னும் கிரேக்க வினை. கீறுதல், எழுதுதல், வரைதல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். தமிழிலும் கண்ணுக்கு மை எழுதுவதும் ஓவியம் எழுதுவதும் உண்டு என்பதால் இந்தப் பொருட்பரப்பு நமக்குப் புதியதன்று. மாறும் அளவுகளைக் கோடுகளாகக் காட்டும் முறையை வில்லியம் பிளேஃபேர் 1786-இல் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளுக்குப் பயன்படுத்தினார். ஆனால் அவர் தம் படங்களைச் சார்ட் என்றே அழைத்தார். கணிதத்துக்குள் கிராஃப் என்ற சொல்லை 1878-இல் கொண்டுவந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் சில்வெஸ்டர், மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் புள்ளிகளையும் இணைப்புகளையும் மனத்தில் வைத்தே அதைக் கையாண்டார். அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘கோட்டுரு’ இருக்கிறது. அதை ஆய்வகக் கிராஃபுக்குக் கடன் வாங்காமல் இருப்பது நல்லது.

தமிழ்ச் சொல்லில் ‘வரை’ என்பதே உயிர்ப்பான பகுதி. வரைதல் என்றால் கோடு இழுத்தல். எல்லை கட்டுதல் என்ற பொருளும் உண்டு என்பதை வரையறை, வரம்பு ஆகிய சொற்கள் காட்டும். அகத்திணையில் வரைவு என்பது திருமணம். ‘படம்’ என்பதோ முதலில் துணியையும், பிறகு துணியில் தீட்டிய ஓவியத்தையும் குறித்த சொல். எனவே வரைபடம் என்றதும் மனம் ‘பார்க்கும் பொருள்’ ஒன்றையே எண்ணிக்கொள்கிறது. ஆய்வகக் கிராஃப் பார்ப்பதற்கானது மட்டுமன்று, கணக்கிடுவதற்கான கருவியும்கூட என்பது அங்கே மறைந்துபோகிறது.

தனி ஊசல் சோதனையில் இதைக் கண்கூடாகக் காணலாம். நூலின் நீளத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் இருபது அலைவுகளுக்கான நேரத்தை எடுத்து, அதை இருபதால் வகுத்துக் கிடைக்கும் அலைவு நேரத்தின் இருமடியை (வர்க்கத்தை) நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைக்கும். நீளத்தை மீட்டரிலும் நேரத்தை விநாடியிலும் கொண்டால் சென்னையில் அக்கோட்டின் சாய்வு ஏறத்தாழ 4.04 வர வேண்டும்; ஏனெனில் சாய்வு என்பது 4π²-ஐப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண், இங்கே அம்முடுக்கம் சுமார் 9.78. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் ‘விநாடி ஊசலின்’ நீளத்தை இந்நகரில் அளந்து, முடிவுகளை 1822-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார் என்பதால், இந்தச் சோதனை சென்னைக்கு அயலானதும் அன்று.

இப்போது மாணவர் குண்டின் மையம் வரை அளக்காமல், நூல் குண்டைத் தொடும் இடம் வரை மட்டும் அளந்துவிட்டதாகக் கொள்வோம். குண்டின் ஆரம் 1 செ.மீ. என்றால், அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் புவியீர்ப்பு முடுக்கத்தைத் தனித்தனியாகக் கணக்கிடும்போது, 50 செ.மீ. நூலுக்கு விடை சுமார் 2 விழுக்காடும் 100 செ.மீ. நூலுக்குச் சுமார் 1 விழுக்காடும் குறையும்; சராசரி எடுத்தாலும் அந்தக் குறை நீங்காது. வரைந்த கோடோ அப்படியே பக்கவாட்டில் நகருமே தவிர, அதன் சாய்வு மாறாது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது நீள அச்சை ஆதிப்புள்ளிக்கு இடப்புறம் 1 செ.மீ. தள்ளி வெட்டும், விட்டுப்போன ஆரம் அதுதான். இந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்து மேடுபள்ளமாக இழுக்கக் கூடாது. எல்லாப் புள்ளிகளுக்கும் இயன்றவரை அருகில் செல்லும் ஒரே நேர்கோட்டை வரைந்து, சாய்வுக்கான இரு இடங்களை அட்டவணையிலிருந்து எடுக்காமல் அந்தக் கோட்டின் மேலேயே, தொலைவில் தொலைவில் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அச்சு என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று குறள் சொல்லும் அதே அச்சுதான் இது. ஆக்சிஸ் என்ற இலத்தீன் சொல்லின் முதற்பொருளும் வண்டியச்சே என்பதால், இந்தக் கலைச்சொல்லில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. ஸ்கேல் என்பதற்கு அளவுத்திட்டம், ஸ்லோப்புக்குச் சாய்வு, பிளாட் செய்வதற்குப் புள்ளி குறித்தல் ஆகியவையும் பாடநூல்களில் நன்கு நிலைத்துவிட்டன.

சிக்கல் கிராஃபுக்கும் சார்ட்டுக்கும் இடையில்தான். வட்ட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் என்று சார்ட்டைத் தமிழ்ப் பாடநூல்கள் தனியே பிரித்தே வைத்திருக்கின்றன; அந்தப் பிரிவினையைக் கணினியின் முன் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம். எக்செலில் ‘லைன்’ என்ற வகையைத் தேர்ந்தால், 40, 50, 70, 100 செ.மீ. நீளங்களை அது வெறும் பெயர்ச்சீட்டுகளாகக் கருதிச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். அதில் வரும் சாய்வுக்கு இயற்பியலில் பொருளே இல்லை. எண்ணை எண்ணாகவே மதித்து உரிய இடத்தில் குறிப்பது ‘ஸ்கேட்டர்’ வகை, அதாவது சிதறல் வரைபடம். முன்னது விளக்கப்படம்; பின்னதே நாம் பேசும் கிராஃப்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு ‘வரைபு’ என்று ஆள்கின்றன. படத்தை உதறிவிட்டு வரைதலை மட்டும் வைத்துக்கொண்ட இச்சொல் சுருக்கமானது, நிலப்படத்தோடு குழம்பாதது, வரைபுத்தாள் என்று எளிதில் கூட்டுச்சொல்லும் ஆகும். தமிழ்நாட்டுத் தேர்வுத்தாளில் வரைபடம் என்று இருக்கும்வரை மாணவர் அதையே எழுதலாம், அதில் பிழையில்லை. ஆனால் கட்டுரையிலும் கலைச்சொல் பட்டியலிலும் கிராஃபுக்கு வரைபு, சார்ட்டுக்கு விளக்கப்படம், மேப்புக்கு நிலப்படம் என்று பிரித்தாள்வதையே நான் பரிந்துரைப்பேன்.