இண்டக்டரைக் கழற்றிய இடத்தில் பீசோவைச் சொருகாதீர்கள்

மறுபடியும் ஒரு கருகிய பக் கன்வர்ட்டர் (டி.சி. வோல்டேஜைக் குறைக்கும் சுற்று) போர்டு கைக்கு வந்தது. இண்டக்டர் (கம்பிச்சுருள்) இருந்த இடத்தில் பீசோ வில்லை (வோல்டேஜ் கொடுத்தால் அதிரும் பீங்கான் தட்டு), பக்கத்தில் கருகிய மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). "பீசோ இண்டக்டர் மாதிரி வேலை செய்யும்னு படிச்சேன்" என்று கொண்டுவந்தவரிடமிருந்து அதே விளக்கம்.

படித்தது பொய்யல்ல, பாதி. ஒத்ததிர்வுக்கும் (இம்பிடன்ஸ், அதாவது ஏ.சி.க்கான மின்தடை, மிகக் குறையும் அதிர்வெண்) எதிர் ஒத்ததிர்வுக்கும் (அது மிக ஏறும் அதிர்வெண்) நடுவிலுள்ள குறுகிய பட்டையில் மட்டுமே ரெசனேட்டர், அதாவது இந்த பீசோ வில்லை, இண்டக்டராக நடந்துகொள்ளும். டி.சி. அதன் வழியே போகவே போகாது. பக் கன்வர்ட்டரில் லோடுக்குப் போகும் கரண்ட் முழுக்க இண்டக்டர் வழியாகத்தானே போகிறது? அந்த வழியையே அடைத்துவிட்டு அவுட்புட் வரவில்லை என்றால் எப்படி? பீசோவுக்கு ஸ்விட்ச் வரிசையே வேறு. ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே போன சார்ஜும் வெளியே வந்த சார்ஜும் சமமாக வேண்டும். நடுவே சில கட்டங்களில் வில்லையை எதோடும் இணைக்காமல் திறந்த சுற்றாக விடவேண்டும். அப்போது அதன் அதிர்வே அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸை ஏற்றி இறக்கும். மாஸ்ஃபெட் பூஜ்ய வோல்ட்டில் ஆன் ஆகும். அதற்குப் பொறுக்காமல் ஆன் செய்தால் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ், 100 வோல்ட், 500 கிலோஹெர்ட்ஸுக்கே 5 வாட் வெறும் சூடாகப் போகும்.

(மேலே நடந்தால் கரண்ட் தரும் பீசோ தரையோடு இதைக் குழப்பாதீர்கள். இது எதையும் உற்பத்தி செய்வதில்லை.)

பஸ்ஸர் வில்லை வேண்டவே வேண்டாம். பித்தளைத் தகட்டில் ஒட்டிய மென்வகை பி.இசட்.டி. (காரீயம் கலந்த பீசோ பீங்கான்) அது, மென்வகையின் தரக் காரணி (எவ்வளவு குறைந்த இழப்போடு அதிர்கிறது என்ற அளவு) பெரும்பாலும் 100க்குள். கடினவகையில் 500, 1000 என்று கிடைக்கும். அதுவும் சிறு சிக்னலில் அளந்த எண். பவர் ஏற ஏறக் குறையும். சூடேறினால் அதிர்வெண்ணும் நகரும், அதனால் நிலையான ஆஸிலேட்டரால் ஓட்டாதீர்கள், கன்ட்ரோல் அந்த நகர்வைப் பின்தொடர வேண்டும்.

ஆரப்போக்கில் (மையத்திலிருந்து விளிம்பு நோக்கி விரிந்து சுருங்கி) அதிரும் வில்லைக்கு மையம்தான் அசையாத இடம். மெல்லிய கம்பியை அங்கே, 2% வெள்ளி கலந்த சால்டரால், ஓரிரு நொடியில் பற்றவையுங்கள். விளிம்பைப் பசையால் ஒட்டினால் தரக் காரணி போச்சு. சூடாக்கும்போது இரு முனைகளையும் ஷார்ட் செய்துவையுங்கள். வெப்பத்தாலேயே எழும் வோல்டேஜ் மாஸ்ஃபெட்டின் கேட்டை (கட்டுப்பாட்டு முனையை) கொல்லும். கியூரி வெப்பநிலை (பீசோ தன்மையே போய்விடும் வெப்பம்) 300 டிகிரி என்றால், ஓடும்போது வில்லையை 150ஐத் தாண்டவிடாதீர்கள். பற்றவைக்கும் முன்னும் பின்னும் அதிர்வெண்ணுக்கு ஏற்ப இம்பிடன்ஸ் வரைபடம் எடுத்துப் பாருங்கள். ஒற்றை முகடு இரண்டாகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் விரிசல்தான், அந்த வில்லையை ஒதுக்கிவிடுங்கள்.

இரு முனை ரெசனேட்டர் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பிரிக்கும் மின்காப்புத் தராது. மெயின்ஸ் சார்ஜரில் அதை நம்பிக் கைவைத்தால் உயிர் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: பி.இசட்.டி. எடையில் பாதிக்கு மேல் காரீயம். அதிர்வெண்ணைச் சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளில் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நச்சு.