ரேடியேட்டர் ஃபேனுக்கு 'டைரக்ட்' கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரே புகாரோடு பட்டறைக்கு வருவார்கள். "பைபாஸில் ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது." இந்தப் புகாரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றுவிட்டால் ஃபேன் மட்டும்தான் துணை.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் ஃபேன் பெல்ட்டில் சுற்றும். எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும். 1983-இல் வந்த மாருதி 800-இல் எஞ்சினைக் குறுக்குவாக்கில் வைத்தார்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் புல்லி பக்கவாட்டில். அதனால் ஃபேனுக்குத் தனி மோட்டார் தேவைப்பட்டது. அதன் பின்னாலேயே பியூஸ், ரிலே (ஃபேனுக்குப் போகும் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சிறு பெட்டி), ஸ்விட்ச், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) என்று பழுதாகக்கூடிய இடங்களும் வந்து சேர்ந்தன.

ஃபேன் ஓடவில்லை என்றதும் பலர் செய்யும் வேலை, பேட்டரியிலிருந்தோ சாவி லைனிலிருந்தோ ஒரு ஒயரை இழுத்து மோட்டாருக்கு 'டைரக்ட்' கொடுத்துவிடுவது. சாவி போட்டால் ஃபேன் சுற்றும், வண்டிக்காரரும் நிம்மதியாகப் போவார். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பெரும்பாலும் அந்த ஒயரில் பியூஸே இருக்காது. உரசி பாடியில் பட்டால் ஒயர் பற்றி எரியும். நேரம் காலம் இல்லாமல் ஓடுவதால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டுகள் சீக்கிரம் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய வண்டியில் இது தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே யாரோ டைரக்ட் போட்டிருந்தார்கள். ஃபேன் சுற்றியது, ஆனாலும் சிக்னலில் ஹீட் ஏறியது. கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் முழு வோல்ட் காட்டியது. பலர் ஏமாறும் இடம் இதுதான். மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். டெஸ்ட் லேம்ப் இழுப்பதும் மிகக் கொஞ்சம். ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் ஒயரில்கூட இரண்டும் 'சப்ளை இருக்கிறது' என்றே சொல்லும். ஃபேன் மோட்டார் இழுப்பதோ ஏறத்தாழ 7 முதல் 10 ஆம்பியர். ஆகவே கப்ளரை மாட்டி, ஃபேனை ஓடவிட்டு அளக்க வேண்டும்.

அப்படி அளந்தபோது கணக்கு வெளியே வந்தது. எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 13.8 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைக்கு நடுவே 10.6 மட்டுமே. பாசிட்டிவ் பக்கம் தொலைந்தது 0.4. மீதி 2.8 வோல்ட் எர்த் பக்கத்தில் தொலைந்திருந்தது. பாடியில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் உப்புக்காற்று துரு ஏற்றியிருந்தது, ஒயர் முனை பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பாசிட்டிவ் பக்கம் எத்தனை டைரக்ட் ஒயர் இழுத்தாலும் இந்தக் குறை தீராது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, புது முனை அடித்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவியதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்தது. எர்த் பக்க இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டினால் நான் விடுவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சென்னை வண்டிகளில் இன்னொன்றும் பார்க்கலாம். மேலே பிளாஸ்டிக் உறை புதுசாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். கண் பார்வையில் இது சிக்காது, லோடில், அதாவது ஃபேனை ஓடவிட்டு, அளந்தால்தான் சிக்கும்.

ரிலே 'டக்' என்று சத்தம் போட்டால் அது நல்ல ரிலே என்று முடிவு கட்டாதீர்கள். சத்தம் போடுவது உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) இழுப்பதால். உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும். ஃபேனுக்கான கரண்ட் ரிலேயில் நுழைந்து வெளியேறும் 30, 87 எண் முனைகளுக்கு நடுவே ஃபேன் ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பாருங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் தெர்மோ ஸ்விட்ச் (சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச்) சுமார் 95 டிகிரியில் சேரும். அதன் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் ஃபேன் ஓடுகிறதா? அப்படியானால் ஒயரிங்கும் மோட்டாரும் வேலை செய்கின்றன, சந்தேகம் ஸ்விட்ச் மேல் திரும்புகிறது. ஆனாலும் உடனே மாற்றிவிடாதீர்கள். கூலண்ட் குறைந்திருந்தால் ஸ்விட்சின் முனை காற்றில் நிற்கும், சூடு அதற்கு எட்டாது. ஸ்விட்ச் ரேடியேட்டரில் இருந்து, தெர்மோஸ்டாட் (சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்காமல் அடைத்திருந்தாலும் இதே கதைதான். பழியெல்லாம் ஸ்விட்ச் மேல் விழும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒயரைச் சேர்க்கும் வேலையே வேண்டாம். அங்கே பெரும்பாலும் இருப்பது கம்ப்யூட்டருக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார்.

பியூஸ் அடிக்கடி போனால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். புஷ் (தண்டு சுழலும் வளையம்) இறுகிய மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். 20 ஆம்பியர் பியூஸ் போகிறது என்று 30 போட்டால், அடுத்து எரியப்போவது ஒயர். தட்டினால் ஓடுகிற மோட்டாருக்குப் பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும். தட்டுவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்க்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் ஃபேன் இறகில் கை வைக்காதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வழியில் முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள். ஏசியை அணைத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் தானாகக் கிளம்பி, சூடு இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். இரண்டாவது முறையும் அப்படியே நடப்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். முன்பு யாராவது போட்ட டைரக்ட் ஒயர் இருந்தால், அதையும் கழற்றிக் கையில் தரச் சொல்லுங்கள்.