நீளமான சூட் கையில் இருந்தால் இரண்டாவது முறை என்ன சொல்வது?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 1 ஹார்ட் என்று ஏலத்தைத் தொடங்குகிறீர்கள், அதாவது ஹார்ட் துருப்பாக ஆறுக்கு மேல் ஒரு டிரிக் (ஒரு சுற்றின் வெற்றி) எடுப்பேன் என்கிறீர்கள். பார்ட்னர் 1 ஸ்பேடு என்கிறார். கையில் ஹார்ட் ஆறு இருக்கிறது, உடனே 2 ஹார்ட் என்று வாய் சொல்லிவிடுகிறது. சிலர் ஆறு சீட்டைப் பார்த்த உற்சாகத்தில் 3 ஹார்ட்டுக்குத் தாவிவிடுவார்கள். பிரிட்ஜ் சொல்லிக்கொடுப்பவளாக எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது ஏலம்தான். முதல் ஏலத்தை எல்லோரும் யோசித்துச் சொல்கிறார்கள். ரீபிட்டை, அதாவது இந்த இரண்டாவது ஏலத்தை, நீளம் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் ஐந்து சீட்டை இரண்டு முறை சொல்வதைப் பார்ப்போம். ஹார்ட் ஐந்து, மற்றவை 3-3-2, புள்ளி 13 (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்ற கணக்கு). பார்ட்னர் 1 ஸ்பேடு சொன்னதும் இந்தக் கைக்குச் சரியான பதில் 1 நோ ட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). ஐந்து சீட்டு இருப்பதைத்தான் முதல் ஏலமே சொல்லிவிட்டதே. 2 ஹார்ட் என்றால் பார்ட்னர் ஆறு என்று எடுத்துக்கொள்வார். தன்னிடம் இரண்டு ஹார்ட் இருந்தால் மொத்தம் எட்டு என்று கணக்குப் போட்டு மேலே போவார். கடைசியில் ஏழு சீட்டுத் துருப்போடு 4 ஹார்ட் ஆட வேண்டி வரும்.

1 ஸ்பேடு சொல்லி, பார்ட்னர் 1 நோ ட்ரம்ப் என்றாலும் இதே கதைதான். 5-3-3-2 கையில் குறைந்த புள்ளி இருந்தால் பாஸ் சொல்லுங்கள். அந்த 1 நோ ட்ரம்ப்பை பாஸ் செய்யக் கூடாது என்று வைத்து ஆடுபவர்கள் மூன்று சீட்டு இருக்கும் மைனர் சூட்டை (கிளாவர் அல்லது டயமண்ட்) சொல்வார்கள். ஒன்றாம் மட்ட ஏலத்துக்குப் பார்ட்னர் இரண்டாம் மட்டத்தில் புது சூட் சொன்னால் கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) வரும் வரை நிற்கக் கூடாது என்ற முறையில் மட்டும், ஐந்து சீட்டோடு 2 ஸ்பேடு சொல்லலாம் என்று பல ஜோடிகள் வைத்திருக்கிறார்கள். அதை ஆட உட்காருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, ஆறு சீட்டு நிஜமாகவே இருக்கிறது. புத்தகக் கணக்கு எளிது: 12 முதல் 15 புள்ளி வரை 2 ஹார்ட், 16 முதல் 18 வரை 3 ஹார்ட். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஆறு சீட்டுக் கையில் புள்ளி சொல்வது பாதி உண்மைதான். இரண்டு கைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் கை: ஸ்பேடு ஏஸ்-5, ஹார்ட் ராஜா-ராணி-ஜாக்-10-8-4, டயமண்ட் ஏஸ்-7-3, கிளாவர் 6-2.

இரண்டாவது கை: ஸ்பேடு ஜாக்-4, ஹார்ட் ஏஸ்-8-6-5-4-2, டயமண்ட் ஏஸ்-ராணி-5, கிளாவர் ராஜா-3.

இரண்டிலும் புள்ளி 14. வடிவமும் அதே 2-6-3-2. பார்ட்னரிடம் ஸ்பேடு ராஜா-ராணி-8-7-2, ஹார்ட் 9-3, டயமண்ட் ராஜா-6-4, கிளாவர் 9-8-5 இருக்கட்டும். எட்டே புள்ளி.

முதல் கையில் ஹார்ட் ஏஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஐந்தும் நம்முடையவை. ஸ்பேடு மூன்று, டயமண்ட் இரண்டு சேர்த்தால் பத்து டிரிக். எதிராளிக்கு ஹார்ட் ஏஸும் கிளாவர் இரண்டும்தான். மூன்றாவது டயமண்டை ஸ்பேடு ராணியில் போட்டுவிடலாம். 4 ஹார்ட் கையில் நிற்கிறது. இரண்டாவது கையிலோ, எதிரே இருக்கும் ஐந்து ஹார்ட் 3-2 என்று பிரிந்தாலே இரண்டு டிரிக் போகும். அப்படிப் பிரிய வாய்ப்பு சுமார் 68 சதவீதம். 4-1 ஆகிவிட்டால் மூன்று போகும். ஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ் வேறு வெளியே நிற்கின்றன. இந்தக் கை 3 ஹார்ட்டிலேயே தடுமாறும்.

அதனால் முதல் கையில் நான் 3 ஹார்ட் சொல்லச் சொல்வேன். புள்ளி 14தானே என்று தயங்க வேண்டாம். பார்ட்னர் உதவி இல்லாமலே ஏழு டிரிக் தெரிகிறது. 2 ஹார்ட் சொன்னால் எட்டுப் புள்ளி பார்ட்னர் பாஸ் சொல்வார். அவர்மேல் தப்பே கிடையாது. வல்னரபிளாக (போனஸும் தண்டமும் கூடுதலாக இருக்கும் நிலையில்) இருந்து டீம் ஆட்டம் ஆடினால் 620 வரவேண்டிய இடத்தில் 170 வரும். அந்த 450 வித்தியாசம் 10 இம்ப் (டீம் ஆட்டத்தில் வித்தியாசத்தை அளக்கும் அலகு). மறுபக்கம், இரண்டாவது கையை 15 புள்ளியாகவே கூட்டிக் கொடுத்தாலும் நான் 2 ஹார்ட்டோடுதான் நிறுத்துவேன். 10, 9 போன்ற இடைச் சீட்டுகள் புள்ளிக் கணக்கில் வராது, ஆனால் நீளமான சூட்டின் பலம் அவற்றில்தான் இருக்கிறது.

பார்ட்னர் சொன்ன சூட்டில் நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஸ்பேடு ஏஸ்-5 நல்ல துணை. ஸ்பேடே இல்லாத கை முதல் பார்வைக்கு அழகாகத் தெரியும். ஆனால் பார்ட்னரின் ராஜாவும் ராணியும் அங்கே வீணாகக் கிடக்கும்.

அடுத்தது பார்ட்னர் பக்கத்துத் தவறு. 2 ஹார்ட் வந்துவிட்டது, அவரிடம் ஒரே ஒரு ஹார்ட், எட்டுப் புள்ளி. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று 2 நோ ட்ரம்ப்போ 3 கிளாவரோ சொல்வார். தயவுசெய்து வேண்டாம். ஹார்ட் ஏஸ்-8-6-5-4-2 மாதிரி கை, ஹார்ட் துருப்பாக இருந்தால் எப்படியும் சில டிரிக் எடுக்கும். நோ ட்ரம்ப்பில் அந்தச் சின்னச் சீட்டுகளை வளர்க்கவும் நேரம் இருக்காது, திரும்பிப் போய் எடுக்க வழியும் இருக்காது. ஆறும் ஒன்றும் சேர்ந்த துருப்பு பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனாலும் 2 ஹார்ட்தான் பெரும்பாலும் நல்ல இடம்.

6-4 கைகளில் நான்கு சீட்டு சூட்டை ஒன்றாம் மட்டத்திலேயே சொல்ல முடிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். 1 டயமண்ட், 1 ஹார்ட், அப்புறம் 1 ஸ்பேடு. ஆனால் ஆறு ஹார்ட்டும் நான்கு ஸ்பேடும் வைத்துக்கொண்டு, 1 ஹார்ட்டுக்கு 1 நோ ட்ரம்ப் பதில் வந்தபின் 2 ஸ்பேடு சொல்வது வேறு விஷயம். அது ரிவர்ஸ். 16 புள்ளியாவது வேண்டும், ஏனென்றால் பார்ட்னர் ஹார்ட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் மூன்றாம் மட்டத்துக்குப் போக வேண்டும். குறைந்த கையில் 2 ஹார்ட்டே சொல்லுங்கள்.

மைனர் சூட் நீளமாக இருந்தால் யோசனையின் திசையே மாற வேண்டும். 5 டயமண்டுக்குப் பதினொரு டிரிக் வேண்டும், 3 நோ ட்ரம்ப்புக்கு ஒன்பது போதும். வல்னரபிள் இல்லாதபோது இரண்டுக்கும் 400தான். ஸ்பேடு 4, ஹார்ட் ஏஸ்-6, டயமண்ட் ஏஸ்-ராஜா-ராணி-ஜாக்-8-7-3, கிளாவர் ராஜா-9-5. 1 டயமண்டுக்குப் பார்ட்னர் 1 ஸ்பேடு சொன்னதும் நேரே 3 நோ ட்ரம்ப் சொல்லுங்கள். ஏழு டயமண்டும் ஹார்ட் ஏஸும் சேர்ந்து எட்டு டிரிக் கையிலேயே இருக்கிறது. இந்தத் தாவல் ஏலம் பார்ட்னருக்குச் சொல்வது, "என்னிடம் ஓட்டையில்லாத நீளமான மைனர் இருக்கிறது, நீங்கள் சொல்லாத சூட்களில் தடுப்பும் இருக்கிறது" என்பதுதான். அவரிடம் ஏழு புள்ளியும் ஒரே ஒரு சின்ன டயமண்டும் இருந்தாலும் 4 டயமண்டுக்கு ஓடத் தேவையில்லை, பாஸ் போதும்.