அலையைப் பிடிப்பது கையா, கண்ணா?

சர்ஃபிங் என்றதும் பலகைமேல் நின்று அலையில் வழுக்கிவரும் உருவம்தான் நினைவுக்கு வருகிறது. நேரக் கணக்கு எடுத்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. கடலில் கழியும் நேரத்தில் ஏறத்தாழ பாதி, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் துழாவுவதிலேயே போகிறது. மீதியில் பெரும்பகுதி காத்திருப்பு. அலைமேல் நிற்பது நூற்றில் பத்துப் பங்குகூட இல்லை. கால்களை மட்டும் உரமேற்றிக்கொண்டு இறங்குகிறவர் தோள் ஓய்ந்து சீக்கிரமே கரையேறுவது இதனால்தான்.

சரி, தோள் வலுத்தால் அலை வசப்படுமா? கரையோர அலையின் வேகத்தை நீரின் ஆழமே தீர்மானிக்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். தேர்ந்த வீரர் முழு மூச்சாகத் துழாவினாலும் நொடிக்கு 2 மீட்டரை ஒட்டித்தான் போவார். பாதி வேகத்தில் போகிறவர் அலையோடு எப்படிச் சேர்ந்துகொள்கிறார்?

சரிவுதான் விடை. பின்னாலிருந்து வரும் அலை பலகையின் வாலைத் தூக்குகிறது. பலகை இப்போது ஒரு நீர்ச்சரிவின்மேல் கிடக்கிறது. கீழ்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு, நீரின் தடையை மிஞ்சினால் பலகை வேகமெடுத்து அலையோடு சேர்ந்துவிடும். அதற்குள் அலை அடியில் நழுவிவிட்டால் வாய்ப்பு போயிற்று. கைகள் செய்வது, அந்தச் சரிவில் நாம் இருக்கும் நேரத்தைச் சற்றே நீட்டுவதுதான்.

அலையின் உயரம் நீராழத்தில் ஏறக்குறைய 0.8 பங்கை எட்டும்போது அது உடைகிறது. 1 மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில். உடைவதற்குச் சற்று முன்புதான் சரிவு மிகச் செங்குத்தாகிறது. அனுபவசாலி அந்த இடத்தைக் கண்ணால் கணித்து அங்கே காத்திருப்பார்; சில வீச்சுகளில் அலை அவருடையது. புதியவர் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, பல மடங்கு உழைத்தும் அதைத் தவறவிடுவார். புதியவருக்கு நீளமான, பருமனான பலகை தருவதற்கும் இதுவே காரணம்: அது நன்றாக மிதந்து குறைந்த தடையோடு வழுக்குவதால், மெல்லிய சரிவே போதும்.

கை வலிமை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீரைப் பின்னுக்குத் தள்ளுவது முதுகின் அகலத் தசை. அதற்குப் புல்-அப், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, நல்ல பயிற்சி. உடல் எடைக்கேற்ற வலிமைதான் முக்கியம். எடையும் சேர்ந்து கூடினால் பயன் குறையும். ஆனால் இழுக்கும் அசைவையே ஆயிரக்கணக்கில் செய்யும்போது தோளை உள்நோக்கித் திருப்பும் தசைகள் மட்டும் வலுத்து, வெளிநோக்கித் திருப்புபவை பின்தங்கும். தோள்வலி பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது. ரப்பர் பட்டையை வெளிநோக்கி இழுக்கும் பயிற்சியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எழுந்து நிற்கும் அசைவைத் தரையிலேயே பழகலாம். நின்றபின் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பார்வை பலகையில் அல்ல, போகும் திசையில் இருக்கட்டும். தலை திரும்பும் பக்கம் தோளும் இடுப்பும் தொடரும்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சற்றே வேறுபட்ட அலைநீளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே கடல் அமைதியாகும். இறங்குமுன் கால்மணி நேரம் கரையில் நின்று அந்த இடைவெளியை எண்ணிப் பார்த்தவர் அமைதியில் துழாவி வெளியே போவார், அலைக்கூட்டம் வரும்போது அவர் தோளில் தெம்பு மிச்சமிருக்கும்.